பெற்றோல் இல்லாத மாதத்தில் ஒரு பேத்தி

என் மகள் பிள்ளை பெற்றபோது அவளுக்கு 17 வயதும் நாலு மாதமும். எனக்கு 38. என் அம்மாவுக்கு 60. நோர்வூட்டைத் தாண்டி பொகவந்தலாவைக்குப் போகிற பாதையில், மேலே ஏறுகிற ஒரு தோட்டத்தில், ஒரே காம்பராவில் நாங்கள் நாலு தலைமுறை ஆனோம். அது 2022 ஜூலை. தோட்டத்தின் பெயரும் பிள்ளைகளின் பெயரும் இங்கே வேண்டாம். மற்றதெல்லாம் நடந்தபடி சொல்கிறேன்.

நான் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வேலை செய்கிறவள். விடிந்தும் விடியாமல் தாய்மார் கைப்பிள்ளைகளைக் கொண்டுவந்து தொட்டிலில் போட்டுவிட்டு மலைக்கு ஏறுவார்கள். இடையில் இறங்கி வந்து பால் கொடுப்பார்கள். அவர்கள் வாசற்படியில் கால் வைக்கும்போதே ஒரு வாசம் உள்ளே வந்துவிடும். நனைந்த படங்கு, விரலில் ஏறிய கொழுந்துக் கறை, பால் கட்டி ஈரமான சட்டை, எல்லாம் சேர்ந்த வாசம். அதற்குள்ளேயே வாழ்ந்தவளுக்கு வயிற்றுப் பிள்ளைக்காரியை அடையாளம் காண டொக்டர் வேண்டியதில்லை. நடையிலேயே தெரிந்துவிடும். என் மகளின் நடை மாறியதும் தெரிந்தது. அதை வாய்விட்டுக் கேட்கத்தான் நாளாயிற்று.

மார்ச் மாதம். நாட்டில் டொலர் இல்லை, டீசல் இல்லை, அதனால் கரண்டும் இல்லை. ராத்திரியில் குப்பி விளக்குத்தான். மகள் விஞ்ஞானப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தகரத்தில் மழை. பக்கத்துக் காம்பராவில் யாரோ இருமுகிறார்கள். லயத்தில் ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் பேசினால் அந்தப் பக்கம் கேட்கும், அதனால் காதோடு காதாகக் கேட்டேன்.

"எத்தன மாசம்டி?"

விரலை மடக்கி எண்ணினாள். வாய்ப்பாடு சொல்கிற பிள்ளை மாதிரி உதடு அசைந்தது.

"தீபாவளிக்கு முன்னயிருந்து வரலம்மா."

கொஞ்ச நேரம் மழை மட்டும் பேசியது. பிறகு அவள் கேட்டது இதைத்தான்: "சோதன எழுதலாந்தானேம்மா?"

சாதாரண தரப் பரீட்சை மே மாதம் வைப்பதாக இருந்தது. நான் அழுவதற்கு முன்னால் அவள் அதைக் கேட்டுவிட்டாள். அவள் பயந்தது எதற்கு என்று அப்போதுதான் தெரிந்தது.

இது எப்படி வந்தது என்று கேட்டவர்களுக்கெல்லாம் லயத்தில் ஒரே பதில் தயாராக இருந்தது. போன் கெடுத்துவிட்டது. போன் வந்த கதையை நான் சொல்கிறேன். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளிக்கூடங்களைப் பூட்டினார்கள். ஊரடங்கு போட்டு நாடு முழுவதையும் வீட்டுக்குள் இருக்கச் சொன்னார்கள். தேயிலைத் தோட்டத்துக்கு விலக்கு. கொழுந்து நோய்க்குப் பயந்து முளைக்காமல் இருக்காதே! நாங்கள் வேலைக்குப் போனோம், பிள்ளைகள் லயத்தில் இருந்தார்கள். இடையில் திறந்தார்கள், பூட்டினார்கள். 2021 ஏப்ரலில் மறுபடி பூட்டிய பள்ளிக்கூடம் தரம் 11 பிள்ளைகளுக்கு நவம்பரில்தான் திறந்தது. அதுவரை போனில் பாடம் என்றார்கள். சீட்டுக் காசு எடுத்து ஒரு போன் வாங்கினோம். லயத்தில் சிக்னல் இல்லை. மலை உச்சியில் தண்ணித் தாங்கிக்குப் பக்கத்தில்தான் இரண்டு கோடு வரும். மூன்று நாலு பிள்ளைகள் ஒரு குடைக்குள் ஒரு போனைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள், காலில் அட்டை ஏறுவதுகூடத் தெரியாமல். ஜூலையில் ஆசிரியர்கள் சம்பளப் போராட்டத்தில் அந்த வகுப்புகளையும் நிறுத்தினார்கள். அவர்கள் கேட்டதும் நியாயம்தான். பாடம் நின்றது, பிள்ளைகள் மேட்டுக்கு ஏறுவது நிற்கவில்லை. அடுத்த டிவிசனிலிருந்து ஒரு பையன் அங்கே வருவான். 19 வயது. கொழும்பில் கடையில் நின்றவன், கடை பூட்டியதும் ஊருக்கு வந்தவன். சண்டியனுமில்லை, குடிகாரனுமில்லை. வேலையில்லாத ஒரு பையனும் பள்ளிக்கூடமில்லாத ஒரு பிள்ளையும், அவ்வளவுதான்.

அதே ஜூலையில் டயகமவிலிருந்து கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போன 16 வயதுப் பிள்ளை தீக்காயங்களோடு ஆஸ்பத்திரியில் இறந்துபோனது. மலையக டவுன்களில் ஜனங்கள் ரோட்டில் இறங்கினார்கள். என் மகளையும் கொழும்பில் ஒரு வீட்டுக்குக் கேட்டிருந்தார்கள், நல்ல சம்பளம் என்று. முடியாது என்று சொல்லிவிட்டேன். என் கண் முன்னாலேயே இருக்கட்டும் என்றேன். காலையிலிருந்து மாலை வரை என் கண் ஊரார் பிள்ளைகளின் தொட்டில்மேல் இருந்தது. தோட்டத்தில் தாயின் கண் அப்படித்தான் விலைபோகிறது.

விஷயம் வெளியே வந்த கிழமை தோட்டத்துத் தலைவரும் இரண்டு பெரியவர்களும் இஸ்தோப்பில் வந்து உட்கார்ந்தார்கள். "கோயில்ல வச்சு ஒரு தாலியக் கட்டிருவோம். ஊர் வாய அடச்சிரலாம்." 1995ஆம் ஆண்டிலிருந்து 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு எங்களுடைய கலியாணத்தைப் பதிய முடியாது. கட்டினால் கழுத்தில் கயிறு இருக்கும், கையில் ஒரு துண்டுக் காகிதம் இருக்காது. நான் அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அடுப்படியிலிருந்து என் அம்மா வந்தார்.

"எங்கம்மா 16 வயசுல என்னயப் பெத்தா. தோட்டமே வந்து தொட்டில ஆட்டிச்சு. கழுத்துல கயிறு இருந்திச்சு, வயச ஒருத்தனும் எண்ணல. இப்ப மட்டும் என்னாத்துக்கு வந்து எண்ணுறீங்க?"

வெறுந்தேத்தண்ணியைக் குடித்துவிட்டு அவர்கள் எழுந்து போனார்கள். அம்மா சொன்னது அத்தனையும் உண்மை. ஆனால் அதற்குப் பின்னால் இருக்கிற கதையை அம்மா அன்றைக்குச் சொல்லவில்லை. என் அம்மாயி 28 வயதுக்குள் நாலு பெற்றவர். 1974 பஞ்சத்தில் இரண்டைப் புதைத்தவர். மா கிடைக்கவில்லை, அரிசி கிடைக்கவில்லை, ஜனங்கள் கீரையையும் காட்டுக் கிழங்கையும் அவித்துத் தின்றார்கள். கடைசித் தம்பியைப் புதைக்கப் போனபோது குழி வெட்டியவருக்கு மண்வெட்டியைத் தூக்கச் சக்தி இல்லை என்று அம்மா சொல்வார். அப்போது அம்மாவுக்கு 12 வயது. சின்ன வயதில் பெற்ற காலத்தை நல்ல காலம் என்று யாராவது பேசினால் எனக்கு அந்த மண்வெட்டிதான் கண்ணில் வரும்.

வேறு ஒரு வழியும் காதுக்கு வந்தது. டவுனில் ஒரு இடம் இருக்கிறது, மாத்திரை தருவார்கள், ஒரு பவுன் இருந்தால் போதும். இந்த நாட்டில் தாயின் உயிருக்கு ஆபத்து என்றால் தவிரக் கருவைக் கலைப்பது குற்றம். 1883இல் வெள்ளைக்காரன் எழுதிய தண்டனைச் சட்டம் அந்த இடத்தில் இன்னும் மாறவில்லை. அதனால் போகிறவர்கள் இருட்டில் போகிறார்கள். அப்படிப் போய் இரத்தம் நிற்காமல் திரும்பி வந்த ஒருத்தியை எங்கள் மலையில் எல்லோருக்கும் தெரியும். அதுவுமில்லாமல் மாதம் ஐந்தாகியிருந்தது. மகளிடம் கேட்டேன். தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று.

அந்த நாட்களில் எங்களோடு நேராகப் பேசியவர் மிட்வைஃப் மிஸ் ஒருவர்தான். கிளினிக்கில் மற்றத் தாய்மாரோடு வாங்கில் உட்கார வைத்தார், பின்பக்கம் ஒளித்து வைக்கவில்லை. வயது 20க்குக் கீழே என்பதால் கவனமாகப் பார்க்க வேண்டும், இரத்தம் குறைவு, எடை போதாது என்று கொப்பியில் எழுதினார். சட்டத்தையும் அவர்தான் விளக்கினார். 16 முடியாத பிள்ளையாக இருந்தால் அவளே சம்மதம் சொன்னாலும் செல்லாது, பையன் சிறைக்குப் போவான். இவளுக்கு 16 முடிந்துவிட்டது. ஆனாலும் விசாரிப்பார்கள் என்றார். சிறுவர் உரிமைப் பகுதியிலிருந்து ஒரு மிஸ் வந்து, என்னை வெளியே போகச் சொல்லிவிட்டு, மகளிடம் தனியாகக் கேட்டார்: யாராவது பலவந்தம் செய்தார்களா, பயமுறுத்தினார்களா, இப்போது பயமாக இருக்கிறதா. கதவுக்கு வெளியே நின்றபோது எனக்கு ஒன்று தோன்றியது. இந்த மூன்று கேள்வியையும் என் அம்மாயியிடம் யாரும் கேட்கவில்லை. என் அம்மாவிடமும் கேட்கவில்லை. என்னிடமும் கேட்கவில்லை.

ஏப்ரல் 12ஆம் திகதி நாடு கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. அது கொழும்பில் பேசுகிற பேச்சு. எங்களுக்கு அது மாவாக வந்தது. கோதுமை மாதான் லயத்தின் சோறு. காலையில் ரொட்டி, பகலைக்கு ரொட்டி. மா விலை ஏற ஏற ரொட்டி சின்னதாகிக்கொண்டே வந்தது. 400 கிராம் பால்மா 790 ரூபா. முந்தின வருடம் மே மாதம் ரசாயன உரத்தை நிறுத்தியிருந்தார்கள். செடி வெளுத்து, கொழுந்து குறைந்தது. 1000 ரூபா நாள் சம்பளம் வந்துவிட்டதென்று ஊரெல்லாம் நினைத்தது. சொன்ன கிலோவைக் கொண்டுவராவிட்டால் அரைப்பேர், அரைநாள் சம்பளம்தான். கிளினிக்கில் தாய்மாருக்குக் கொடுக்கிற திரிபோஷா சத்துமா வரவில்லை, அடுத்த மாதமும் வரவில்லை. என் வீட்டுக்காரர் கொழும்புப் புறக்கோட்டையில் மூட்டை தூக்குகிறவர். வேலை நின்றதும் வீட்டுக்கு வந்தார். மகளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பிள்ளை பெறப்போகிறவளுக்கு வெந்நீர் வைக்க லயத்துக்குப் பின்னால் விறகை வெட்டி வெட்டி அடுக்கினார். கூரை உயரத்துக்கு வந்த பிறகும் வெட்டிக்கொண்டிருந்தார்.

அம்மா ஒரு விஷயம் செய்தார், அதை நான் பிறகுதான் கண்டேன். தனக்குக் கொடுத்த ரொட்டியில் பாதியைத் துணியில் சுற்றித் தலையணைக்கடியில் வைத்திருப்பார். ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு பேத்தியை எழுப்பித் தின்ன வைப்பார். இருட்டில் மெல்லுகிற சத்தம் கேட்கும். 74இல் பட்டினி கிடந்த பிள்ளைக்கு 2022 என்ன கொண்டுவரும் என்று எங்களுக்கு முன்னாலேயே தெரிந்திருந்தது.

மே 23ஆம் திகதி பரீட்சை தொடங்கியது. அனுமதி அட்டை அதிபரின் மேசையில் இருந்தது. மற்றப் பிள்ளைகள் பார்க்கிறார்கள், பெற்றோர் பேசுகிறார்கள், அடுத்த தடவை பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நானும் போய்க் கேட்டேன். மரியாதையாகத்தான் பேசினார்கள், உட்காரவும் சொன்னார்கள். அட்டையைக் கொடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து சொன்னதும் மகள் ஒன்றும் பேசாமல் வெள்ளைச் சீருடையை மடித்துப் பெட்டியில் வைத்தாள். இடுப்புப் பக்கம் தையல் பிரித்துப் பெரிதாக்கி வைத்திருந்தாள். எனக்குத் தெரியாமல், தன் கையால், பரீட்சைக்காக.

ஜூன் 27ஆம் திகதி ஜூலை 10 வரைக்கும் அத்தியாவசிய சேவைக்குத் தவிர யாருக்கும் எண்ணெய் இல்லை என்று அரசாங்கம் சொன்னது. ஜூலை 7, ராத்திரி பதினொரு மணியிருக்கும், மகள் என் தோளைத் தொட்டாள். பாய் நனைந்திருந்தது. அம்புலன்ஸ் நம்பர் 1990க்கு எடுத்தோம், லைன் கிடைக்கவில்லை, மறுபடி எடுத்தோம், அம்புலன்ஸ் வேறு பக்கம் போயிருக்கிறது, நேரமாகும் என்றார்கள். தோட்டத்து லொறியில் டீசல் இல்லை. மேல் லயத்தில் ஒரு ஓட்டோ இருந்தது, அதில் பெற்றோல் இல்லை. என் வீட்டுக்காரர் மழையில் ஓடினார். கதவு கதவாகத் தட்டினார். கங்காணி மகனின் மோட்டார் சைக்கிளில் கொஞ்சம் இருந்தது, குழாய் வைத்து வாயால் உறிஞ்சி எடுத்தார்கள். புல்லு வெட்டுகிற மெஷினில் இருந்ததை ஒருவர் சாய்த்து ஊற்றினார். யாரோ ஒரு சோடாப் போத்தலில் கால்வாசி கொண்டுவந்தார். ஓட்டோக்காரத் தம்பி போத்தலை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "போக மட்டும் காணும்" என்றார். ஏறினோம். பனி, வளைவு, மழை, அடுத்த வளைவு. முன் லைட்டில் ரோட்டுக்குப் பதில் புகைதான் தெரிந்தது. மகள் என் கையைப் பிடித்த பிடியில் வளையல் உடைந்தது. ஓரிடத்தில் மண் சரிந்து பாதி ரோட்டை மூடியிருந்தது. தம்பி இறங்கிப் பார்த்துவிட்டு, சாமியைக் கூப்பிட்டுவிட்டு ஓட்டினார். ஓட்டோ ஒருபக்கம் சாய்ந்தது. அவள் கத்தவில்லை. அம்மா, அம்மா என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பெற்றோல் கொடுத்தவர்களில் எங்களைப் பற்றி மோசமாகப் பேசியவர்களும் இருந்தார்கள். அதையும் எழுதத்தான் வேண்டும். அந்த ஓட்டோக்காரத் தம்பி திரும்பி வர வழியில்லாமல் வண்டியை ஆஸ்பத்திரி வாசலில் விட்டுவிட்டு விடியற்காலையில் நடந்தே தோட்டத்துக்குப் போனார். காசு வாங்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு வயதான சிங்கள நேர்ஸ் இருந்தார். கொப்பியைப் பார்த்தார், மகளின் முகத்தைப் பார்த்தார். "வயச கீயத?" என்றார். சொன்னேன். பிறகு என்னைக் காட்டி என் வயதைக் கேட்டார். அதையும் சொன்னேன். வேறெதுவும் கேட்கவில்லை. மகளின் ஈரத் தலையைத் தன் கையாலேயே துடைத்துப் பின்னிவிட்டார். மகளின் உள்ளங்கையில் பேனாவால் ஒரு போன் நம்பர் எழுதியிருந்தது. போனில் சார்ஜ் போய்விடும் என்று அவள் எழுதி வைத்தது. வியர்வையில் கடைசி இரண்டு இலக்கமும் அழிந்திருந்தன.

விடிகிற நேரம் பேத்தி பிறந்தாள். இரண்டு கிலோ முந்நூறு. துணியில் சுற்றிக் கொடுத்தபோது நான் முதலில் முகர்ந்துதான் பார்த்தேன். எத்தனையோ பிள்ளைகளை ஏந்திய கைதான், அன்றைக்கு நடுங்கியது.

மறுநாள், 9ஆம் திகதி, வார்டில் ஒரே சத்தம். பக்கத்துக் கட்டில் பெண்ணின் புருஷன் போனை நீட்டிக் காட்டினார். கொழும்பில் ஜனங்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்து நீச்சல் தடாகத்தில் குதித்துக்கொண்டிருந்தார்கள். சிங்களம், தமிழ் என்றில்லாமல் வார்டு முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். ஆனால் என் மகளுக்குப் பால் இன்னும் இறங்கவில்லை. எனக்கு அன்றைக்குப் பெரிய செய்தி அதுதான்.

அந்தப் பையன் மறுநாள் பின்நேரம் வந்தான். பஸ் இல்லை, நடந்து வந்திருந்தான், செருப்பு அறுந்து கையில் இருந்தது. மற்றக் கையில் ஒரு பால்மாப் பைக்கற். எந்த வரிசையில் நின்றான், யாரிடம் கடன் வாங்கினான், ஒன்றும் சொல்லவில்லை. வார்டு வாசலிலேயே நின்றான். "உள்ள வாடா" என்றேன். வந்து பிள்ளையைப் பார்த்து, சத்தமில்லாமல் அழுதான். என் வீட்டுக்காரர் எழுந்து தன் கதிரையை அவனுக்குக் கொடுத்தார். அதுதான் அவர் பேசிய முதல் பேச்சு.

பிறப்புப் பதிவுக்கு நான் பிடிவாதமாக நின்றேன். அதற்குக் காரணம் இருக்கிறது. 1948இல் எங்கள் ஆட்களின் குடியுரிமையைப் பறித்தார்கள். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் எங்களைப் பங்கு போட்டார்கள். அம்மாவின் வீட்டார் இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தவர்கள். கூப்பிடுவார்கள் என்று பெட்டி கட்டி வைத்துக் காத்திருந்தார்கள். 1984இல் தலைமன்னார்க் கப்பல் நின்றது. அதற்குப் பிறகு இந்தியாவுமில்லை, இலங்கையுமில்லை. 2003இல் சட்டம் வந்த பிறகுதான் அம்மா 41 வயதில் ஒரு நாட்டுக்குச் சொந்தமானார். ஒரு காகிதம் இல்லாததால் என்னவெல்லாம் இல்லாமல் போகும் என்று எங்கள் குடும்பத்துக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தாயும் தகப்பனும் கலியாணம் செய்யாதவர்கள் என்றால், இரண்டு பேரும் சேர்ந்து கேட்டுக் கையெழுத்துப் போட்டால் தகப்பன் பெயரைப் பதிவார்கள். அவன் வந்தான். கை நடுங்கினாலும் பெயரை முழுசாக எழுதிக் கையெழுத்துப் போட்டான். தாலி கட்டச் சொன்னவர்கள் ஒருவரும் இந்தக் கையெழுத்தைப் பற்றி நினைத்திருக்கவில்லை.

அடுத்த பரீட்சை 2023 மே 29ஆம் திகதி தொடங்கியது. தனிப்பட்ட பரீட்சார்த்தியாக மகள் விண்ணப்பித்தாள். ராத்திரியில் காலால் தொட்டிலை ஆட்டிக்கொண்டே கணக்குச் செய்வாள். பரீட்சை நாட்களில் பேத்தியைத் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்கு வெளியே ஒரு மரத்தடியில் நான் உட்கார்ந்திருப்பேன். முதல் தாள் முடிந்ததும் ஓடி வருவாள், பால் கொடுப்பாள், சட்டையைச் சரிசெய்துகொண்டு இரண்டாம் தாளுக்கு ஓடுவாள். கூட உட்கார்ந்து எழுதிய பிள்ளைகள் வந்து பேத்தியைக் கொஞ்சிவிட்டுப் போனார்கள். ஒருத்தியும் கெட்டுப்போகவில்லை.

அவள் கணக்கோடு சேர்த்து ஆறு பாடம் சித்தியடைந்தாள். இப்போது ஹட்டனில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள், உயர்தரத்துக்கும் படிக்கிறாள். அவன் மறுபடி கொழும்பில். மாதம் பிறந்தால் காசு அனுப்புகிறான். கலியாணம் எப்போது என்று கேட்கிறார்கள். இரண்டு பேருக்கும் வயது வந்துவிட்டது, அவர்களே பேசிக்கொள்ளட்டும். பேத்தி என்னோடு பிள்ளைக்காம்பராவுக்கு வந்து வளர்ந்தாள். என்னை அம்மாயி என்கிறாள், என் அம்மாவை ரொட்டி அம்மாயி என்கிறாள்.

மலையகப் பள்ளிக்கூடங்களின் அதிபர்மாருக்கும் ஆசிரியர்மாருக்கும் என் வேண்டுகோள் ஒன்றுதான். உங்களிடம் வயிற்றோடு ஒரு பிள்ளை வந்து நிற்பாள். அடுத்த தடவை பார்க்கலாம் என்று சொல்லாதீர்கள். அனுமதி அட்டையை அவள் கையில் கொடுங்கள், உட்கார வசதியாக ஒரு கதிரை போடுங்கள், எழுத விடுங்கள்.